பூமியில் உயிர் சீக்கிரம் வந்தது. அதனால் மற்ற கோள்களிலும் வந்துவிடுமா?

2025-இல் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. ஏப்ரலில், 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடு வாயுவின் தடயம் தெரிகிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெருமளவு வெளியிடுபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள். செப்டம்பரில், செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் ஊர்தி துளைத்தெடுத்த பாறையில் தெரியும் புள்ளிகள் பழங்கால நுண்ணுயிர்களின் வேலையாக இருக்கலாம் என்று நாசா சொன்னது.

இரண்டுமே உறுதியான கண்டுபிடிப்புகள் அல்ல. முதலாவதை மற்ற குழுக்கள் அதே தரவை வைத்து மறுத்தன. அதே வாயு உயிருக்கு வழியில்லாத 67பி வால்மீனிலும் கிடைத்திருக்கிறது. இரண்டாவதில் நாசாவே 'சாத்தியமுள்ள உயிர்த்தடயம்' என்பதற்கு மேல் போகவில்லை. ஆனாலும் இந்தச் செய்திகளைப் படித்தவர்களில் பலர் 'இதில் என்ன ஆச்சரியம்?' என்றுதான் கேட்டார்கள். அவர்கள் சொல்லும் காரணம் இது: பூமி குளிர்ந்து கடல் தேங்கிய சூட்டோடு சூடாக உயிர் வந்துவிட்டது. அப்படியென்றால் உயிர் தோன்றுவது சுலபமான காரியமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே தகுந்த கோள் எங்கே இருந்தாலும் உயிர் இருக்கும்.

கேட்டவுடன் சரி என்று தோன்றும் வாதம். இது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது தாங்கக்கூடிய பாரம் மிகக் குறைவு. ஏன் என்று பார்ப்போம்.

## முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

உயிர்த்தோற்றம் என்று இங்கே சொல்வது, உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து, தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று உருவாவதை. படிகளில் அவ்வப்போது சின்ன மாற்றங்கள் வர வேண்டும், அந்த மாற்றங்கள் அடுத்த தலைமுறைக்கும் போக வேண்டும். அவ்வளவு இருந்தால் பரிணாமம் தொடங்கிவிடும்.

செய்திகளில் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. பூமியைப் போலத் தண்ணீரும் பாறையும் சக்தியும் உள்ள கோள்கள் எத்தனை?
2. அப்படிப்பட்ட ஒரு கோள் கிடைத்தால், அதில் உயிர் தோன்றும் வாய்ப்பு என்ன?
3. தோன்றிய உயிர், கேள்வி கேட்கும் அளவுக்கு வளரும் வாய்ப்பு என்ன?

கெப்ளர் தொலைநோக்கிக்குப் பிறகு முதல் கேள்விக்கு ஓரளவு விடை வந்துவிட்டது: கோள்களுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது தனிக் கதை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது மட்டுமே.

## பாறைகள் சொல்வது

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். தொடக்கத்திலேயே ஒரு பெரிய மோதல் நடந்து நிலா உருவானது. அப்போது பூமியின் மேற்பரப்பு உருகிய பாறைக் குழம்பாக இருந்தது. உயிருக்கான கடிகாரம் அது ஆறித் தண்ணீர் தேங்கிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.

தண்ணீர் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்க்கான் படிகங்கள். மணல் துகள் அளவுதான் இருக்கும். அவை உருவான பாறைகள் எப்போதோ அழிந்துவிட்டன, இவை மட்டும் தப்பித்தன. மிகப் பழையதன் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். அவற்றிலுள்ள ஆக்சிஜனில் கனமான ஐசோடோப்பின் பங்கு கூடுதலாக இருப்பதைப் பார்த்தால், அப்போதே பாறையும் திரவத் தண்ணீரும் ஒன்றோடொன்று உறவாடியிருக்கின்றன என்று தெரிகிறது.

சரி, உயிர் எப்போது? இங்கேதான் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தகராறு இருக்கிறது. நம்பிக்கை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதை நோக்கிப் போகிறேன்.

348 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் டிரெஸ்ஸர் என்ற பாறை அடுக்கு உள்ளது. நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து கட்டிய ஸ்ட்ரோமாடோலைட் மேடுகள் அதில் பதிந்திருக்கின்றன. இந்தத் தேதியைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

370 கோடி ஆண்டுகள். கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் பனி உருகி வெளிப்பட்ட ஒரு பாறையில், ஒன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்புகளை ஆலன் நட்மன் குழு 2016-இல் கண்டது. இவையும் ஸ்ட்ரோமாடோலைட்டுகளே என்றது. இரண்டு வருடம் கழித்து அபிகேல் ஆல்வுட் அதே பாறைக்குப் போய்ப் பக்கவாட்டிலும் பார்த்தார். முன்னாலிருந்து பார்த்தால் கூம்பாகத் தெரிந்தவை உண்மையில் நீண்ட வரப்புகள். பாறை எந்தத் திசையில் இழுபட்டதோ அதே திசையில் அவை நீண்டிருந்தன. பூமியின் அழுத்தத்தில் பாறை மடிந்தாலே இந்த வடிவம் வந்துவிடும், நுண்ணுயிர் தேவையில்லை என்றார். கண்டவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

410 கோடி ஆண்டுகள். எலிசபெத் பெல்லும் சகாக்களும் 2015-இல் வெளியிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்களை ஆராய்ந்தார்கள். விரிசலே இல்லாமல், பிற்காலக் கார்பன் உள்ளே நுழைய வழியில்லாமல், உள்ளே கிராஃபைட் சிக்கியிருந்தது ஒரே ஒரு படிகத்தில். உயிர்களின் என்சைம்கள் கனமான கார்பன்-13-ஐ விட லேசான கார்பன்-12-ஐயே அதிகம் எடுத்துக்கொள்ளும். இந்தக் கிராஃபைட்டிலும் கார்பன்-13 ஆயிரத்துக்கு 24 பங்கு குறைவு. அது உயிரின் கையெழுத்துப் போலத்தான் இருக்கிறது. ஆனால் உயிரில்லாத சில வேதிவினைகளும் இதே கையெழுத்தைப் போடும்.

420 கோடி ஆண்டுகள். இதற்குப் பாறையே கிடையாது. இன்றுள்ள எல்லா உயிர்களுக்கும் பொதுவான கடைசி மூதாதையை லூக்கா என்று அழைக்கிறார்கள். மரபணுக்களில் மாற்றங்கள் சேரும் வேகத்தைக் கடிகாரமாக வைத்து, லூக்காவின் காலம் 409-க்கும் 433-க்கும் இடைப்பட்ட கோடி ஆண்டுகள் என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2024-இல் கணித்தது. அந்த மூதாதை ஒன்றும் எளிய ஜீவன் இல்லை. சுமார் 25 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதி, ஏறத்தாழ 2,600 புரதங்கள், வைரஸ்களைச் சமாளிக்க ஒரு தற்காப்பு ஏற்பாடு வரை அதற்கு இருந்திருக்கும் என்கிறார்கள். வைரஸுக்குத் தற்காப்பு இருந்தது என்றால் வைரஸும் இருந்தது. அப்படியானால் உயிரின் உண்மையான தொடக்கம் இன்னும் பழைய காலத்துக்குப் போகிறது. ஆனால் இந்தக் கடிகாரத்தை நேரம் சரிசெய்து ஓடவிடப் பாறைப் பதிவுகள் வேண்டும். பழைய பாறைகள் அரிது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

ஆக, தண்ணீர் வந்து 20 கோடி ஆண்டுகளுக்குள் உயிர் வந்தது என்றும் சொல்லலாம், 92 கோடி ஆண்டுகளுக்குள் வந்தது என்றும் சொல்லலாம். எந்தத் தேதியை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. 'உடனே வந்தது' என்று எழுதுகிறவர்கள் பொதுவாக முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

## சீக்கிரம் வந்தால் சுலபம் என்று ஆகுமா?

அப்படியே 20 கோடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1983-இல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் இதைக் கிளப்பினார். நாம் பூமியை நடுநிலையாகப் பொறுக்கி எடுக்கவில்லை. நாம் இருக்கும் இடம் என்பதால்தான் பூமியைப் பார்க்கிறோம். ஒரு வறண்ட சீமையில் ஊர் ஊராகப் போய் விசாரித்தால் எல்லா ஊரிலும் கிணற்றில் தண்ணீர் ஊறியதாகத்தான் சொல்வார்கள். தண்ணீர் வராத இடத்தில் ஊரே அமையவில்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. அதை வைத்துச் சீமை முழுக்க நிலத்தடி நீர் பொங்குகிறது என்று சொல்ல முடியாது.

சீக்கிரம் என்பதிலும் இதே வடிகட்டல் வேலை செய்கிறது. சூரியன் 10 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் 90 கோடி ஆண்டுகளில் பூமி உயிர் தங்க முடியாத அளவுக்குச் சுடும் என்று வைத்துக்கொள்வோம். தாமதமாக உயிர் தோன்றும் கோளில், யோசிக்கும் உயிர் வருவதற்குள் கடல் வற்றிவிடும். ஆகவே, உயிர் எவ்வளவு அபூர்வமானாலும், அதைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கும் கோளில் அது சீக்கிரம் வந்ததாகவே இருக்கும்.

அப்படியானால் தேதிகளுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம்.

1. 440 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் வந்தது, இன்னும் 90 கோடி ஆண்டு மிச்சம். உயிர் வாழத் தகுந்த மொத்தக் காலம் 530 கோடி ஆண்டுகள்.

2. லூக்கா தேதியை ஏற்றால், உயிரிலிருந்து மனிதன் வரை 420 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதைவிட வேகமாக நடக்காது என்று வைத்துக்கொண்டால், உயிர் முதல் 110 கோடி ஆண்டுக்குள் தொடங்கியே ஆக வேண்டும்.

3. உயிர்த்தோற்றம் மிக அபூர்வமான விபத்து என்றால், அந்த விபத்து 110 கோடி ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் சம வாய்ப்போடு நடக்கலாம். முதல் 20 கோடிக்குள் நடக்க வாய்ப்பு 110-க்கு 20, அதாவது 18 சதவீதம். உயிர்த்தோற்றம் சுலபம் என்றால் அதே வாய்ப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். ஆகவே சான்று 'சுலபம்' பக்கம் ஐந்தரைக்கு ஒன்று என்று சாய்கிறது.

4. லூக்காவை விட்டுவிட்டு 348 கோடி ஆண்டுப் பாறையை மட்டும் நம்பினால்? தாமதம் 92 கோடி, அதன் பிறகு மனிதன் வர ஆன காலம் 348 கோடி. தொடங்கக் கிடைக்கும் காலம் 530-இல் 348 போக 182 கோடி. அதில் முதல் 92 கோடிக்குள் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. சாய்வு இரண்டுக்கு ஒன்றுதான்.

நிபுணர்கள் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். 2012-இல் டேவிட் ஸ்பீகலும் எட்வின் டர்னரும், சீக்கிரம் வந்தது என்ற ஒரே தகவலோடு உயிர் மிக மிக அபூர்வம் என்பதும் ஒத்துப்போகும் என்று காட்டினார்கள். 2020-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பிங், சுலபம் என்ற பக்கத்துக்குக் குறைந்தது மூன்றுக்கு ஒன்று சாதகம் என்றார். லூக்காவின் புதிய தேதி வந்ததும் 2025-இல் அதையே 13-க்கு ஒன்று என்று உயர்த்தினார். தேதி நகர்ந்தால் விகிதமும் நகரும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 13-க்கு ஒன்று என்று தலைப்பு வந்தால், அந்த எண் ஒரு மரபணுக் கடிகாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஐந்தரையோ பதின்மூன்றோ, அது பெருக்கும் எண் மட்டுமே. நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் மதிப்பீட்டை அது அத்தனை மடங்கு நகர்த்தும். சரிபாதி என்று தொடங்கினால் முடிவு பலமாக மாறும். வேதியியலைப் பார்த்துவிட்டு 'லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று ஒருவர் தொடங்கினால், பதின்மூன்றால் பெருக்கினாலும் அபூர்வம் அபூர்வம்தான்.

## வேதியியல் எந்தப் பக்கம்?

செங்கல்கள் தாராளம். 1953-இல் ஸ்டான்லி மில்லர் எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சியே அமினோ அமிலங்களை எடுத்துக்காட்டினார். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அவை டஜன் கணக்கில் இருந்தன. ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023-இல் கொண்டுவந்த பென்னு சிறுகோளின் மண்ணில், உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலுமாக மரபு எழுத்துகளாக வரும் ஐந்து காரங்களும் கிடைத்தன. இதுவரை 'சுலபம்' கட்சிக்கே வெற்றி.

செங்கல் குவிந்தால் வீடு வந்துவிடாது. தொடக்கத்தில் மரபுச் செய்தியைச் சுமந்ததும் வினைகளை நடத்தியதும் ஆர்என்ஏதான் என்று பலர் கருதுகிறார்கள். நான்கு வகை எழுத்துகளைக் கோத்த சங்கிலி அது. தன்னைப் படியெடுக்கும் ஆர்என்ஏவுக்கு எத்தனை எழுத்து நீளம் வேண்டும்? இந்த ஒரு எண்ணில்தான் கிட்டத்தட்ட எல்லாமே தொங்குகிறது.

40 எழுத்து போதும் என்று வைப்போம். சாத்தியமான வரிசைகள் 4-ஐ 40 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மூலக்கூறு வீதம் செய்து தராசில் வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 26 கிலோ. ஓர் அரிசி மூட்டை. ஒரு குட்டைக்கே அது பெரிய விஷயமில்லை. 100 எழுத்து வேண்டும் என்றால் அதே கணக்கில் வரும் எடை 4 கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் எடை. பூமியின் கடலெல்லாம் சேர்ந்தாலும் அதில் ஒரு மூலைகூட ஆகாது.

இதைக் கொஞ்சம் தளர்த்தித்தான் படிக்க வேண்டும். வேலை செய்யக்கூடிய வரிசை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, லட்சக்கணக்கில் இருக்கலாம். சிறிய சங்கிலிகள் ஒன்றுக்கொன்று உதவி, படிப்படியாக நீண்டிருக்கலாம். எதிர்ப்பக்கமும் சிக்கல் உண்டு: எழுத்துகள் தாமாகக் கோத்துக்கொள்வதே கடினம், தண்ணீர் அந்தக் கண்ணிகளை உடைத்துக்கொண்டே இருக்கும். டோக்கியோவின் டோமோனோரி டோட்டானி 2020-இல், எழுத்துகள் குருட்டாம்போக்கில் மட்டுமே சேரும் என்று வைத்துக் கணக்குப் போட்டார். நமக்குத் தெரியும் பிரபஞ்சம் முழுவதிலும் 20 எழுத்துச் சங்கிலிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று வந்தது. அவர் கணக்குப்படி உயிர் உண்டு, ஆனால் அடுத்த உயிர் நம் பார்வை எட்டாத தொலைவில்.

ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் வெந்நீர்க் குட்டைகள் சங்கிலியை நீட்ட உதவும் என்று ஒரு சாரார், கடலடி வெந்நீர் ஊற்றுகளின் தாதுச் சுவர்களே போதும் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று ஆய்வகத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்துகாட்டினால் விவாதம் அன்றே பாதி தீர்ந்துவிடும். இதுவரை துண்டு துண்டாகத்தான் நடந்திருக்கிறது. என் பார்வையில், தேதிகளைவிட இந்தத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளே நம் தொடக்க மதிப்பீட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

## பூமியிலேயே இரண்டாவது உயிர் இல்லையா?

உயிர் அவ்வளவு சுலபம் என்றால் இங்கேயே பலமுறை தோன்றியிருக்க வேண்டுமே? தெரிந்த எல்லா உயிரும் ஒரே குடும்பம்: கிட்டத்தட்ட ஒரே மரபுக் குறியீடு, புரதங்களில் இடக்கை அமினோ அமிலங்கள் (இடக்கை, வலக்கை என்பவை கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்கள்), ஆர்என்ஏவிலும் டிஎன்ஏவிலும் வலக்கைச் சர்க்கரை. 2010-இல் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து வாழ்கிறது என்ற செய்தி பரபரப்பானது. அதுவே உண்மையென்றாலும் அது நம் குடும்பத்து பாக்டீரியாதான். உண்மையும் இல்லை. சயின்ஸ் இதழ் 2025-இல் அந்தக் கட்டுரையையே விலக்கிக்கொண்டது.

ஆனால் இரண்டாவது உயிர் காணாமலிருப்பது 'அபூர்வம்' கட்சிக்குப் பெரிய சாட்சியும் அல்ல. புதிதாக ஒரு மூலக்கூறு உருவாகத் தொடங்கினாலும் இருக்கிற உயிர்கள் அதைத் தின்றுவிடும் என்று 1871-இலேயே டார்வின் ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார்.

## எந்தக் கண்டுபிடிப்பு கணக்கை மாற்றும்?

தேவைப்படுவது நம்மோடு சம்பந்தமில்லாமல் தோன்றிய இன்னோர் உயிர். சூரியக் குடும்பத்துக்குள்ளேயே அப்படி இரண்டு தோன்றியிருந்தால் 'அபூர்வம்' என்ற கட்சி அநேகமாக முடிந்தது. 'சம்பந்தமில்லாமல்' என்பதில்தான் செவ்வாய் இடறுகிறது. மோதல்களில் பெயர்ந்த செவ்வாய்க் கற்கள் பூமியில் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன, நூற்றுக்கணக்கில் பொறுக்கி எடுத்திருக்கிறோம். அவற்றோடு உயிரும் பயணம் செய்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது. பெர்சிவரன்ஸ் எடுத்த மாதிரியில் உயிர்த்தடயம் உறுதியானாலும், அடுத்த கேள்வி அது நம் சொந்தமா இல்லையா என்பது. சொந்தம் என்றால் இரண்டு கோளும் சேர்ந்து ஒரே சாட்சிதான். அந்த உயிர் செவ்வாயில் பிறந்து இங்கே வந்தது என்றால் 440 கோடி என்று நாம் ஓடவிட்ட கடிகாரமே தவறான இடத்தில் தொடங்கியதாகிவிடும்.

சொந்தமா என்று பார்க்க மூலக்கூறுகள் கெடாமல் கிடைக்க வேண்டும். வலக்கை அமினோ அமிலத்தில் கட்டிய உயிர் என்றால் அது வேறு குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழசான செவ்வாய்க் களிமண்ணில் அந்த விவரம் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை. சனியின் துணைக்கோளான என்சலடஸ் இதற்கு மேலான இடம். அதன் பனிப் பிளவுகளிலிருந்து கடல்நீர் விண்வெளிக்குப் பீய்ச்சி அடிக்கிறது. அதில் ஹைட்ரஜனும் கரிமப் பொருள்களும் பாஸ்பேட்டும் இருப்பதை காசினி விண்கலத்தின் தரவுகள் காட்டின. அவ்வளவு தூரத்துக்குப் பாறை போய்ச் சேர்வது செவ்வாயிலிருந்து பூமிக்கு வருவதைவிடப் பல மடங்கு கடினம் என்பதால், அங்கே உயிர் இருந்தால் அது தனியாகத் தோன்றியதாகவே இருக்கும்.

பெர்சிவரன்ஸ் எடுத்த மாதிரிகளைக் கொண்டுவரும் நாசாவின் திட்டம் செலவுச் சிக்கலில் மாட்டி நின்றுபோனது. சீனாவின் தியான்வென்-3 வேறோர் இடத்தில் துளைத்து 2031 வாக்கில் மாதிரி கொண்டுவரத் திட்டமிடுகிறது. வரும் மண்ணில் ஒன்றுமே இல்லை என்றால் பத்திரிகைகள் அதை ஏமாற்றம் என்றுதான் எழுதும். ஆனால் அந்த வெறும் மண்ணும் கணக்கில் சேரும். செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறும் ஏரியும் இருந்தன. தண்ணீரும் தாதுவும் வெப்பமும் நீண்ட காலம் இருந்த இடங்களில் தேடத் தேட உயிர் அகப்படவில்லை என்றால், ஒவ்வொரு தோல்வியும் மேலே சொன்ன ஐந்தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.